கூப்பிட்டால் வரும் நாய்

2020 மே மாதம் 26ஆம் திகதி, நல்லதண்ணியை அடுத்த லக்சபான தோட்டத்தில், மரக்கறிப் பாத்திகளுக்கு அருகே போடப்பட்டிருந்த கம்பிச் சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று அகப்பட்டது. இலங்கையில் மிக அரிதாகவே காணக்கிடைக்கும் அவ்விலங்கை உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சையளித்தும் பயனில்லை. மே 29ஆம் திகதி அது இறந்தது. பத்திரிகைகள் பல நாட்கள் அதைப் பற்றி எழுதின. அச்செய்திகளில் இடம்பெறாத இன்னொரு பிராணியைப் பற்றியதே இக்கட்டுரை. அது தோட்டத்து நாய்.

நல்லதண்ணி, சிவனொளிபாத மலைக்கு ஹட்டன், மஸ்கெலியா வழியாகச் செல்வோர் மலையேறத் தொடங்கும் ஊர். ஒரு பக்கம் தேயிலை. மறுபக்கம் மலையைச் சூழ்ந்த காடு. 1940ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. லயத்துக்கும் அதற்கும் இடையே சில தேயிலை நிரைகளும் ஓர் ஓடையுமே எல்லை. இருட்டியபின் அந்த ஓடையைத் தாண்டும் நாய் சிறுத்தைக்கு எளிய இரை. பன்றிக்கு வைக்கும் கம்பியோ, வருவது பன்றியா, சிறுத்தையா, நாயா என்று பார்ப்பதில்லை. நகரத்தில் நாய் வளர்ப்போருக்கு, கூப்பிட்டவுடன் நாய் ஓடி வருவது ஒரு பெருமை. இங்கு அது உயிர்ப் பிரச்சினை.

இதை விரிவாக எழுதிவைத்தவர் ஒரு வேட்டைக்காரர் என்பது வேடிக்கை. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பின்னாளில், 1864இல், ஆப்பிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றவர். காய்ச்சலில் நலிந்து, உடல்தேற நுவரெலியாவுக்கு வந்தவர், அந்தக் குளிரில் மயங்கி அங்கேயே ஓர் ஆங்கிலக் கிராமத்தை உருவாக்க முனைந்தார். இங்கிலாந்திலிருந்து அவர் தருவித்தவற்றுள் ஆட்களும் கால்நடைகளும் கருவிகளும் மட்டுமன்றி வேட்டைநாய்க் கூட்டமொன்றும் இருந்தது. 1854இலும் 1855இலும் வெளியான அவருடைய இரு இலங்கை நூல்களில், மனிதர்களைவிட நாய்களே உயிரோட்டமாக உலவுகின்றன. ஸ்மட், கில்பக், லீனா, புளூபியர்ட் என்று அவற்றின் பெயர்கள் நமக்குத் தெரியும். அதே மலைகளில் அக்காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்காகக் காடு வெட்டிய தமிழர்களின் பெயர்கள் அந்த அளவுக்கு நமக்குத் தெரியாது. இது பேக்கருடைய குறை மட்டுமன்று, அக்காலத்தின் குறை.

மரை வேட்டையே அவருடைய பெருவிருப்பம். அதற்குத் துவக்கு இல்லை. நாய்களும் ஒரு கத்தியுந்தான். மோப்பம் பிடித்த நாய்கள் பள்ளத்தாக்குக்குள் இறங்கிக் கண்ணுக்கு மறைந்துவிடும். குரைப்பொலி ஒன்றையே துணையாகக் கொண்டு வேட்டைக்காரர் பின்தொடர்வார். மரை ஓடைநீரில் நின்று எதிர்க்கும். வேட்டை ஒருவாறு முடிந்தபின் சிதறிப்போன நாய்களைத் திரட்டுவது தனிப்பாடு. மலைக்குப் பின்னால் மலை, நடுவே மூடுபனி. அந்நிலையில் கையாளப்பட்டது கொம்பு. அதன் ஒலி கேட்டுத் திரும்பாத நாய் இரவைக் காட்டில் கழிக்க வேண்டும், காட்டிலோ சிறுத்தை. தம் நாய்கள் சில அவ்வாறு சிறுத்தைக்கு இரையானதை பேக்கரே பதிவு செய்திருக்கிறார்.

கொம்பு தூரம் கேட்கும் என்பது எவருக்கும் புரியும். அதைவிட முக்கியமான குணம் ஒன்று அதற்குண்டு: அதற்குக் கோபம் வராது. மனிதக் குரல் அப்படியன்று. முதல் தடவை கொஞ்சலாகவும், மூன்றாம் தடவை எரிச்சலாகவும், ஐந்தாம் தடவை அடிதடி மிரட்டலாகவும் அது மாறிவிடும். தன்னை ஐந்து வெவ்வேறு மனிதர்கள் அழைப்பதாகவே நாய்க்குத் தோன்றும். அவர்களில் நால்வரிடம் போகாமலிருப்பதே புத்தி என்று அது முடிவெடுத்தால் அதன்மீது குற்றமில்லை. வேட்டைக்கொம்பும் இன்றைய சீழ்க்கையும் நாயை அழைப்பதில் வெல்வதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் அதே ஆங்கில வேட்டை மரபில் கொம்போடு சாட்டையும் சேர்ந்தே வந்தது. விலகிப்போன நாயைச் சாட்டையால் கூட்டத்தில் சேர்ப்பதற்கென்றே தனியாக ஓர் ஆளை வைத்திருப்பார்கள். கூட்டமாக ஓடும் நாய்களிடம் அது ஓரளவு செல்லுபடியாயிற்று போலும். வீட்டு நாய்க்கு அதைவிடக் கெடுதலான பாடம் இல்லை. ஒரு மணிநேரம் கூப்பிட்டும் வராத நாய் கடைசியில் வாலைக் குழைத்துக்கொண்டு வந்து நிற்கிறது. நாம் ஆத்திரத்தில் ஓர் அடி போடுகிறோம். போகாமல் இருந்ததற்குத் தண்டனை கொடுத்ததாக நாம் நினைக்கிறோம். வந்ததற்குத் தண்டனை கிடைத்ததாக நாய் நினைக்கிறது. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பது மனிதர்களுக்குச் சொன்ன பழமொழி. நாய்க்கு அதை விளங்கவைக்க எவராலும் முடிந்ததில்லை.

இதற்கு ஆய்வுச் சான்று பின்னரே வந்தது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தோர்ண்டைக் 1898இல் பூனைகளையும் நாய்களையும் கூண்டுப் பெட்டிகளில் அடைத்துச் செய்த சோதனைகள், இன்பமான விளைவைத் தரும் செயலை விலங்கு மீண்டும் செய்யும் என்பதைக் காட்டின. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்யர் பாவ்லோவ், உணவோடு பலமுறை சேர்ந்து வந்த ஒலி தனித்து ஒலித்தாலும் நாய்க்கு எச்சில் ஊறும் என்பதை நிறுவினார். இரண்டையும் சேர்த்தால் அழைப்பின் சூட்சுமம் கிடைத்துவிடும். ஒலி ஒரு நல்ல விளைவின் முன்னறிவிப்பாக இருக்கவேண்டும். அந்த விளைவு தவறாமல், உடனே வரவேண்டும்.

நம்மவர் நாயைப் பெயர்சொல்லி அழைத்தது எப்போதிருந்து? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரிய நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காத்து மாண்ட ஒரு வீரனுக்காக எழுப்பப்பட்ட அக்கல்லில், அவனருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. 'நாயே' என்பதை வசையாக்கிய அதே மொழியில், ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டியும் வைத்திருக்கிறோம்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். திட்டவும் கொஞ்சவும் விரட்டவும் நாள் முழுவதும் அதே பெயரைக் கூவினால், நாயின் காதில் அது வெறும் இரைச்சலாகிவிடும். அதனால் 'வா' என்பதற்குத் தனியாக ஒரு சொல்லோ சீழ்க்கையோ வேண்டும். அதை வேறெதற்கும் செலவழிக்கக் கூடாது. முதல் சில நாட்கள் வீட்டுக்குள்ளேயே, இரண்டடி தூரத்தில், நாய் எப்படியும் வரப்போகும் தருணத்தில் மட்டும் அந்த ஒலி. வந்த கணத்தில் ஒரு துண்டு கருவாடோ ரொட்டியோ. பிறகு முற்றம், பிறகு பத்து மீற்றர் கயிற்றில் தேயிலை ஓரம். கயிறு இழுப்பதற்கன்று, நாய் காட்டுப்பக்கம் ஓடிவிடாமல் இருப்பதற்கு. வேறு நாய்கள், கோழி, குரங்கு என்று கவனம் சிதறும் இடங்களை ஒவ்வொன்றாகத்தான் சேர்க்கவேண்டும். ஒருமுறை அழைத்து வரவில்லையெனில் பத்துமுறை கத்துவதில் பயனில்லை. கிட்டப் போய், எளிதாக்கி, மறுபடி தொடங்கவேண்டும்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்றுண்டு. அழைத்தவுடன் கட்டிப்போடுவது. அழைப்பென்றால் விளையாட்டு முடிந்தது என்று நாய் கற்றுக்கொண்டால், அது ஓடைக்கரையில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்குமே தவிர வராது. பத்துமுறை அழைத்தால் ஒன்பதுமுறை தின்னக் கொடுத்து மறுபடி ஓடவிட வேண்டும். பாடம் பழகியபின் ஒவ்வொரு தடவையும் தீனி தேவையில்லை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத நிலை வந்தால், நாய் இன்னும் ஆர்வத்தோடு ஓடிவரும். லொத்தர்ச் சீட்டு வாங்குவோரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மரை வேட்டைக் காலம் போய்விட்டது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும், 1969இல் சரணாலயமாகி 1988இல் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. துரைமாரின் நாய்க்கூடங்களும் இல்லை. இப்போது நல்லதண்ணியில் இருப்பவை லயத்து நாய்களும் கடைத்தெரு நாய்களும். மார்கழியில் தொடங்கி வெசாக் வரை நீளும் யாத்திரைக் காலத்தில், பிஸ்கட் நீட்டுபவர் எவராயினும் அவரோடு படியேறத் தயங்காத நாய்கள் அவற்றுள் உண்டு. எல்லோர் அழைப்புக்கும் வரும் நாய் எவருடைய அழைப்புக்கும் உரியதன்று. பருவம் முடிந்து கடைகள் மூடும்போது அவை என்ன தின்கின்றன என்பதை எழுத எந்தப் பத்திரிகையும் ஆளனுப்புவதில்லை.

லயத்து நாய்க்கு இரவுச் சோற்றைப் பொழுது சாயுமுன், ஒரே நேரத்தில், அதே சீழ்க்கையோடு வைப்பதே மலையகத்துக்கு நான் அறிந்த சிறந்த முறை. செலவில்லாதது; வேலை முடிந்து களைத்து வருவோருக்கும் இயலக்கூடியது. சில கிழமைகளில் ஆறு மணிக்கு முன் நாய் தானாகவே வாசலுக்கு வரத் தொடங்கும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எந்நாளும் வரும் நாய் ஒருநாள் வரவில்லையென்றால் அதுவே ஒரு செய்தி. கம்பியில் கால் மாட்டிய நாயால், அது எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தாலும், ஓடிவர முடியாது. அப்போது விடியும்வரை காத்திராமல், தனியாகப் போகாமல், இருவர் மூவராக, ரோர்ச் லைட்டும் கம்பி வெட்டும் குறடும் எடுத்துக்கொண்டு பன்றித் தடத்தைப் பார்த்துப் போகவேண்டும். சுருக்கில் கிடப்பது நாயல்ல, சிறுத்தை என்று தெரிந்தால் கிட்டப் போகாமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும்.