சங்கிலியும் செல்போனும்

விளாத்திகுளத்திலிருந்து கிளம்பி, வேம்பாரில் கடற்கரைச் சாலையைப் பிடித்து, சாயல்குடி தாண்டிப் போனால் ஏர்வாடி. தென்கோடியில் பல தலைமுறைகளாகப் பல குடும்பங்கள் கண்ணீரோடு போன வழி இது. வீட்டில் ஒரு பிள்ளை தனக்குத்தானே சிரிக்கிறான். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்கிறான். அம்மா போட்ட சோற்றில் விஷம் என்று தட்டைத் தள்ளுகிறான். என்ன செய்வார்கள், பாவம்? முதலில் வேப்பிலை. அப்புறம் கோடாங்கி. கடைசியில் ஏர்வாடி தர்கா. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமெல்லாம் அங்கே கிடையாது. கஷ்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே!

அந்தக் கஷ்டத்துக்கு 1908-ல் ஆய்கன் பிளாய்லர் என்ற சுவிட்சர்லாந்து டாக்டர் வைத்த பெயர், ஸ்கிசோஃப்ரினியா. தமிழில் மனச்சிதைவு. உலகத்தில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. வைத்தியம் பார்க்க வேண்டிய வியாதி. 1950-களிலேயே மாத்திரையும் வந்துவிட்டது.

மாத்திரை வந்தது. சேதி வந்து சேரவில்லை.

2001 ஆகஸ்ட் 6. தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில், விடிவதற்குள் தீ. ஓலைக் கொட்டகை. எழுந்து ஓடியிருக்கலாமே என்றால், எப்படி ஓடுவது? சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். ஒரே வாரத்தில் அந்த மாதிரிக் காப்பகங்களை எல்லாம் அரசாங்கம் இழுத்து மூடியது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டில். அதாவது ஏர்வாடி எரிந்தபோது அதற்கு ஆறு வயது. சென்னையில் பிரௌசிங் சென்டர்கள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. வசதியுள்ள ஊரில் ஒரு நோயாளி, தான் முழுங்கும் மாத்திரையைப் பற்றித் தானே தேடிப் படிக்க முடிந்த காலம். இங்கே கால் விலங்கு.

இந்த வியாதியின் சரித்திரத்தைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரியும். நோயாளியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அவரிடம் யாரும் பேசவில்லை. சென்னையில் 1794-ல் வாலன்டைன் கானலி என்ற ஆங்கிலேய சர்ஜன் ஒரு மனநோய்க் காப்பகம் தொடங்கினார். 1871-ல் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி வந்தது. பெரிய சுவர், பெரிய கேட். அந்த ஆஸ்பத்திரியைப் பல வருடங்கள் நிர்வகித்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பிறகு 1984-ல் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். சுவருக்கு வெளியே, குடும்பத்தோடு இருப்பவருக்கு வைத்தியம் என்பது அதன் வழி. 2010-ல் அவர்கள் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே அனுப்பினார்கள். உள்ளே ஒரு திரை. சென்னையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் அதில் தெரிவார்; பேசுவார்; மருந்து எழுதுவார். பஸ்ஸிலேயே மருந்து கிடைக்கும், இலவசமாக.

அடுத்து சட்டம். 2017-ல் நிறைவேறி, 2018-ல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. தன் வியாதி என்ன, மருந்தின் பக்கவிளைவு என்ன என்று புரிகிற பாஷையில் தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு என்கிறது. ஆஸ்பத்திரியில் இருப்பவர் செல்போனில் பேசலாம், இமெயில்கூட அனுப்பலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது!

சரி, செல்போன் கைக்கு வந்தாச்சு. பிரச்னை தீர்ந்ததா?

1919-ல் விக்டர் டவுஸ்க் என்ற வியன்னா டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். ஏதோ ஒரு மிஷின் தூரத்திலிருந்து தங்களை ஆட்டிவைக்கிறது என்று நம்பிய நோயாளிகளைப் பற்றி. பின்னால் அந்த மிஷின் ரேடியோவானது, டி.வி. ஆனது. இப்போது செல்போன். 'இதன் வழியாக என்னை வேவு பார்க்கிறார்கள்' என்று பயப்படுகிறவரிடமே, இதில் படித்துத் தெரிந்துகொள் என்கிறோம். லேசான காரியமா?

இன்னொரு ஆபத்து எல்லோருக்கும் பொது. மாத்திரையால் உடம்பு ஊதுகிறது, கை நடுங்குகிறது என்று தேடுகிறார். பக்கவிளைவுகள் நிஜம்தான். கூடவே 'மாத்திரையை நிறுத்து, எங்கள் லேகியத்தைச் சாப்பிடு' என்று ஒரு வீடியோ வந்து நிற்கிறது. கேட்டு, சட்டென்று நிறுத்தினால் வியாதி திரும்பிவர வாய்ப்பு அதிகம். பழைய கோடாங்கி ஊருக்கு ஒருவர். இந்தக் கோடாங்கி எல்லோர் பாக்கெட்டிலும் இருக்கிறார்.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும்: பேலன்ஸ் ஷீட் பளபளவென்று இருந்தால் போதாது, ஆடிட்டர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேயும் அதே கேள்விகள்தான். சொல்வது யார்? டாக்டரா, வியாபாரியா? நான் நம்பினால் லாபம் யாருக்கு? என்றைக்கு எழுதியது? மருந்தை மாற்றச் சொன்னால், என் டாக்டரிடம் கேட்டேனா? 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் சேவையின் எண் 14416. அதில் கேட்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

இந்தக் கேள்விகளைச் சொல்லித்தர வேண்டியது நாம்தான். பயந்துபோய் வீட்டில் முதலில் செய்வது ஃபோனைப் பிடுங்கி பீரோவில் பூட்டுவது. அதற்குப் பதில் பக்கத்தில் உட்காருங்கள். 'என்ன படிக்கிறே, எனக்கும் காட்டேன்' என்று கேளுங்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களிடம் அப்படிக் கேட்க ஆளில்லை.