இதயச் சுவரில் துளை இல்லை

1924ஆம் ஆண்டில் முஹ்யித்தீன் அத்தத்தாவீ என்னும் எகிப்திய மாணவர், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்திற்கான ஆய்வேடு ஒன்றைச் சமர்ப்பித்தார். பெர்லின் நூலகத்தில் இருந்த ஓர் அரபுக் கையெழுத்துப் பிரதியே அதன் ஆதாரம். இரத்தம் இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்புறத்தைச் சேர்கிறது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரு முஸ்லிம் மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார் என்று அவ்வேடு கூறியது. பேராசிரியர்கள் அதனைக் கெய்ரோவில் வாழ்ந்த அரபு மருத்துவ வரலாற்றறிஞர் மாக்ஸ் மேயர்ஹோஃபின் பார்வைக்கு அனுப்பினர். அவர் மூலத்தை ஆராய்ந்து, மாணவர் சொன்னது மெய்யே என்று உறுதிசெய்து 1930களில் உலகறியச் செய்தார்.

அம்மருத்துவர் அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குரஷீ. இப்னு நஃபீஸ் என்ற பெயரிலேயே வரலாறு அவரை அறியும். 1210ஐ ஒட்டிய ஆண்டுகளில் திமிஷ்க் பகுதியில் பிறந்து, அங்கேயே மருத்துவம் பயின்று, கெய்ரோவில் குடியேறி, ஹிஜ்ரி 687இல் (கி.பி. 1288) மறைந்தார். மருத்துவத்தோடு ஷாபிஈ ஃபிக்ஹையும் மத்ரஸாவில் போதித்தவர். நம் கடற்கரை ஊர்கள் வழிவழியாகப் பின்பற்றிவரும் மத்ஹபும் அதுவே.

அவர் எதிர்கொண்ட கேள்வி எளிமையானது. இதயத்தின் வலது அறையில் இருக்கும் இரத்தம் இடது அறைக்கு எவ்வழியாகச் செல்கிறது? இரண்டிற்கும் இடையிலுள்ள தடித்த சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உள்ளன, இரத்தம் அவற்றின் வழியே கசிந்து செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் இரண்டாம் நூற்றாண்டில் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அதை மறுத்தவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. இப்னு ஸீனாவோ இதயத்திற்கு மூன்று அறைகள் என்றார். அவருடைய ‘அல்கானூன்’ மருத்துவக் கல்வியின் அச்சாணியாக விளங்கிய காலம் அது.

அந்நூலின் உடற்கூற்றுப் பகுதிகளுக்கே இப்னு நஃபீஸ் 1242ஆம் ஆண்டளவில் விரிவுரை எழுதினார். ‘ஷரஹு தஷ்ரீஹில் கானூன்’ என்பது அதன் பெயர். விரிவுரையாளர் மூலநூலாசிரியருக்கு அரண் செய்வதே அக்கால மரபு. இவரோ, அறைகள் இரண்டே என்றார். இடைச்சுவர் கெட்டியானது, அதில் புலப்படும் துளையும் இல்லை, புலப்படாத துளையும் இல்லை என்றார். ஆகவே இரத்தம் வலது அறையிலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பின்னரே இடது அறைக்கு வந்தாக வேண்டும். நுரையீரலுக்குச் செல்லும் குழாய்க்கும் அங்கிருந்து மீளும் குழாய்க்கும் இடையே நுண்ணிய வழிகள் இருக்கின்றன என்றும் அவர் எழுதினார். இதயம் தன் தசைக்குள் ஓடும் குழாய்களிலிருந்தே உணவு பெறுகிறது என்பதும் அவர் கூற்றே.

இவற்றை அவர் எவ்வாறு அறிந்தார்? ஷரீஅத்தின் தடையும் இயல்பான இரக்கமும் உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுப்பதாக முன்னுரையில் கூறுகிறார். நூலுக்குள்ளேயோ, முன்னோர் கூற்றை உடற்கூறாய்வு பொய்ப்பிக்கிறது என்று எழுதுகிறார். அறிஞர்கள் இன்றும் இதுபற்றி வாதிடுகின்றனர். அவர் விலங்குகளையேனும் அறுத்துப் பார்த்திருக்கலாம் என்போர் உளர். தர்க்கத்தின் வழியாகவே இம்முடிவை எட்டினார் என்போரும் உளர். ரூஹ், நஃப்ஸ் பற்றிய அவருடைய சிந்தனைகளோடு இம்முடிவு பின்னிப் பிணைந்தது என நஹ்யான் ஃபான்ஸி 2013இல் வெளியிட்ட நூலில் வாதிடுகிறார். நமக்கு இவ்வாதம் வலுவாகவே தோன்றுகிறது.

நம் மேடைகளில், இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஹார்வி அல்லர், இப்னு நஃபீஸே என்று முழங்கக் கேட்கிறோம். இது அவருக்குச் செய்யும் நியாயம் அன்று. அவர் கண்டது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் இடையிலான வழியை மட்டுமே. உடல் முழுவதும் சென்ற இரத்தம் மீண்டும் இதயத்திற்கே திரும்புகிறது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அதை நிறுவியவர் வில்லியம் ஹார்வி, ஆண்டு 1628. இதயம் அரைமணி நேரத்தில் வெளியேற்றும் இரத்தத்தைக் கணக்கிட்டால் அது உடலிலுள்ள மொத்த இரத்தத்தையும் விஞ்சுகிறது. உண்ணும் உணவிலிருந்து அவ்வளவும் புதிதாக ஊறிவர இயலாது என்று அவர் காட்டினார். கையைக் கட்டுப்போட்டு இறுக்கி, நரம்புகள் புடைக்கும் திசையையும் காட்டினார். அளவிடுதலும் சோதித்தலும் அங்கே சேர்ந்துகொண்டன. நுண்ணிய வழிகளைக் கண்ணால் கண்டவர் மல்பீகி. 1661இல் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

ஐரோப்பாவில் செர்வெட்டஸ் 1553இலும் கொலம்போ 1559இலும் இதே நுரையீரல் வழியை எழுதினர். திமிஷ்க்கில் நெடுங்காலம் வாழ்ந்த வெனிஸ் மருத்துவர் அல்பாகோ, இப்னு நஃபீஸின் எழுத்தில் ஒரு பகுதியை லத்தீனில் பெயர்க்க, அது 1547இல் அச்சானது. ஆயினும் அப்பகுதி கூட்டு மருந்துகளைப் பற்றியது. எனவே அவர்கள் இவரிடமிருந்து எடுத்தனர் என்று அறுதியிட்டுக் கூற நம்மிடம் சான்றில்லை.

இரத்தம் காற்றோடு ‘கலக்கிறது’ என்று அவர் எழுதியதன் உட்பொருளை இன்று அணு அளவில் விளக்க முடிகிறது. இரண்டு அணுக்கள் பிணைந்தது ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு. இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள் உண்டு. இரும்பணு ஒன்று ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூற்றைப் பற்றிக்கொள்கிறது. வியப்பு அப்பிணைப்பின் இளக்கத்தில்தான் உள்ளது. அது மிக வலுவாக இருந்தால், இரத்தம் தான் சுமந்ததைத் திசுக்களிடம் ஒப்படைக்காமல் சுமந்தபடியே திரியும். கார்பன் மோனாக்சைடு அதே இரும்பணுவை ஆக்ஸிஜனைவிடப் பன்மடங்கு இறுகப் பற்றிக்கொள்வதனாலேயே உயிர்க்கொல்லியாகிறது. இப்னு நஃபீஸ் கூறிய ரூஹை ஆக்ஸிஜன் என்று பெயர்த்துவிடும் சிலரின் அவசரமும் நமக்கு வேண்டுவதில்லை. அவருடைய காலத்தில் காற்று ஒரு தனிமம். அதைப் பல வாயுக்களின் கலவையாகப் பிரித்தறிய இன்னும் ஐந்து நூற்றாண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

இறுதிக்காலத்தில் தம் இல்லத்தையும் நூலகத்தையும் அவர் கெய்ரோவின் மன்ஸூரீ மருத்துவமனைக்கு வக்ஃபு செய்தார். அவருடைய ‘மூஜஸ்’ என்னும் மருத்துவச் சுருக்கநூல் மத்ரஸாக்களில் பெரும்புகழ் பெற்று, உரைகளுக்கு மேல் உரைகள் கண்டது. துளையில்லாச் சுவரைப் பற்றிப் பேசிய அந்த விரிவுரையின் அரபு மூலமோ, 1988இல்தான் கெய்ரோவில் ஸல்மான் கதாயாவின் பதிப்பாக அச்சேறியது.