மத்தியமம் செய்த குற்றம்

மூலக்கொத்தளத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சங்கீதத்தைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வராது. கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் பேட்டையில் ஒரு பக்கம் பேசின் பிரிட்ஜ் ரயில்களின் ஊதல். மறு பக்கம் மயானத்துக்குப் போகிற பறையின் முழக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துதான் என் அக்காள் பாட்டுக் கற்றுக்கொண்டாள். ராயபுரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஒரு வாத்தியார் சைக்கிளில் வருவார்.

ஒரு நாள் அவர் வருவதற்கு முன்னால் நான் ஆர்மோனியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விஷமம் செய்துகொண்டிருந்தேன். எனக்கு வயது பத்து இருக்கும். ஷட்ஜத்தில் ஒரு விரலும், மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவிலுள்ள கறுப்புக் கட்டையில் ஒரு விரலுமாக வைத்துத் துருத்தியை அமுக்கினேன்.

"டேய், நிறுத்துடா அதை! விளக்கு வைக்கிற நேரத்துல நாய் ஊளையிடற மாதிரி இருக்குது!" என்று அடுக்களையிலிருந்து பாட்டியின் குரல் வந்தது.

நிறுத்திவிட்டேன். அரை மணி கழித்து வாத்தியார் வந்தார். கல்யாணி ராகத்தை இழுத்துப் பாடினார். எட்டிப் பார்க்கிறேன், பாட்டி சுவரில் சாய்ந்துகொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்! இதிலே வேடிக்கை என்னவென்றால், கல்யாணியைக் கல்யாணியாக்குவது அதே கறுப்புக் கட்டைதான். பிரதி மத்தியமம் என்று அதற்குப் பெயர். நான் தொட்டால் நாய் ஊளை, வாத்தியார் தொட்டால் கண்ணீர். இது என்ன நியாயம் என்று அன்று எனக்குப் புரியவில்லை. ஆனால் இந்த வழக்கு என் வீட்டு வழக்கு மட்டும் அல்ல, பல நூற்றாண்டுகளாக நடந்து வருகிற வழக்கு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குத்தான். ஷட்ஜத்துக்கு நொடிக்கு 240 அதிர்வுகள் என்று வைத்துக்கொண்டால் பஞ்சமத்துக்கு 360. அதாவது இரண்டுக்கு மூன்று. இருவர் சேர்ந்து நடக்கும்போது ஒருவர் இரண்டு அடி வைக்கும் நேரத்தில் மற்றவர் மூன்று அடி வைத்தால், அடிக்கடி இருவர் காலும் ஒன்றாகப் பதியும். காதுக்கு அது சுகம். பிரதி மத்தியமத்துக்கோ 337½. இது 32க்கு 45 என்ற கணக்கு. இவர்கள் இருவரும் கால் ஒத்து நடப்பது எப்போது? பன்னிரண்டு சுர ஸ்தானங்களில் ஷட்ஜத்திலிருந்து கீழே ஆறு படி இறங்கினாலும் மேலே ஆறு படி ஏறினாலும் வந்து சேருகிற நட்டநடு இடம் இது. நடு ஆற்றில் படகு நின்றால் மனசு கரையைத் தேடாதா?

ஐரோப்பாவில் கோயில் பாட்டுக்காரர்கள் இந்த இடைவெளியைக் கண்டு முகம் சுளித்தார்கள். பல குரல்கள் சேர்ந்து பாடும் முறை வளர்ந்தபோது இதைத் தவிர்க்க விதிகள் செய்தார்கள். வழியில் குறுக்கிட்டால் ஒரு சுரத்தை அரைப்படி இறக்கி விலகிப் போனார்கள். நாளடைவில் 'சங்கீதத்துக்குள் சாத்தான்' என்று ஒரு லத்தீன் வசைப் பெயரும் அதற்குக் கிடைத்தது. இதைப் பாடியவர்களைப் பாதிரிமார்கள் தண்டித்தார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. கதை சுவையாகத்தான் இருக்கிறது, சான்றுதான் இல்லை. அந்த வசைப் பெயரே 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் புத்தகங்களில்தான் தலைகாட்டுகிறது. 1725-இல் வியன்னாவில் ஃபூக்ஸ் என்பவர் வெளியிட்ட இலக்கண நூல் அவற்றுள் பிரபலமானது. ஆனால் பெயர் வைத்த பிறகு சும்மா விடுவார்களா? சாத்தானை மேடைக்கே அழைத்து வந்துவிட்டார்கள். 1874-இல் செயின்ட் சான்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஓர் இசைக்கோவை எழுதினார். நடுநிசியில் மரணதேவன் மயானத்தில் பிடில் வாசிக்க, எலும்புக்கூடுகள் எழுந்து ஆடுகின்றன. அந்தப் பிடிலில் ஒரு தந்தியை வேண்டுமென்றே அரைப்படி இறக்கிச் சுருதி கூட்டச் சொல்லியிருக்கிறார், இந்த இடைவெளி கிடைப்பதற்காக!

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தபோது, 36-ஐச் சுத்த மத்தியமத்துக்குக் கொடுத்தார். மீதி 36-ஐப் பிரதி மத்தியமத்துக்குக் கொடுத்தார். சரிபாதி! பாகப் பிரிவினையில் இதைவிட நேர்மை ஏது? அதோடு நம்மிடம் தம்பூரா இருக்கிறது. ஷட்ஜமும் பஞ்சமமும் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கையில், பிரதி மத்தியமம் பஞ்சமத்தின் வாசற்படியில் நிற்கிற பிள்ளை மாதிரி. உள்ளே போகலாம், போகாமல் நின்று ஏங்கலாம். அந்த ஏக்கந்தான் கல்யாணி. நான் ஆர்மோனியத்தில் செய்தது, பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்தியது.

இந்தச் சரித்திரத்தில் எங்கள் வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. மூலக்கொத்தளத்திலிருந்து வடக்கே ஏழெட்டு கிலோமீட்டர் போனால் மணலி. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் அந்த ஊரில், முதலியார் குடும்பத்தின் ஆதரவில் முத்துசாமி தீட்சிதர் இளமையில் இருந்தார். கோட்டை வெள்ளைக்காரர்களின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரண ராகத்தில் நோட்டுசுர சாகித்தியங்கள் செய்தார். வெள்ளைக்காரன் பயந்த அந்த இடைவெளி சங்கராபரணத்திலும் மத்தியமத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது. நம்மவர் அதைச் சாத்தான் என்று கண்டுகொள்ளவே இல்லை.

பக்கத்துத் திருவொற்றியூருக்குத் தியாகராஜர் வந்தார். அங்கே இருந்த சீடர் வீணை குப்பையரின் அன்புக்காக வந்து, திரிபுரசுந்தரி அம்மன்மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அவற்றுள் நான்கு சுத்த மத்தியம ராகங்கள், ஒன்று கல்யாணி. ஐரோப்பாவில் சாத்தானுக்கு எழுதி வைத்த சுரம், எங்கள் ஊர்ப் பக்கத்தில் அம்மனின் அழகுக்கு அணியாயிற்று!

இந்த இடத்தில் நாம் மார்தட்டிக்கொள்ளலாம் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் அதே தியாகராஜரின் கன ராக பஞ்சரத்தினத்தில் நான்கு சுத்த மத்தியமம். ஒன்று மட்டும் பிரதி மத்தியமம். அது வராளி. வராளியைக் குரு சீடனுக்கு நேராகச் சொல்லிக்கொடுத்தால் இருவருக்கும் பிரிவு வந்துவிடும் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை. ஆக, நாமும் ஒரு சாத்தானை வளர்க்காமல் இல்லை.

என் அக்காள் வராளி கேட்டாள். வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டார். "வேண்டாம் அம்மா, கச்சேரியிலே கேட்டுக் கத்துக்கோ. உன்னை மாதிரி ஒரு பிள்ளையை நான் இழக்க மாட்டேன்" என்றார். அடுத்த வருஷம் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை மூடினார்கள். இரண்டு மாதம் சம்பளம் கொடுக்க முடியவில்லை. மூன்றாவது மாதம் சைக்கிள் மணி கேட்கவில்லை. வராளி சொல்லிக்கொடுக்காமலே பிரிவு வந்துவிட்டது. பழியைப் போட ஒரு சுரங்கூட இல்லாமல் போயிற்று.

இங்கிலாந்திலும் ஒரு தொழிற்சாலைக் கதை உண்டு. பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன், வேலையின் கடைசி நாளில், வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டான். அவன் இடக்கைக்காரன், கிதார்த் தந்தியை அமுக்க வேண்டிய விரல்கள் அவை. பிளாஸ்டிக்கை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தான். 1970 பிப்ரவரி 13-இல் 'பிளாக் சபாத்' என்ற அவனுடைய குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் முதல் பாட்டில் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிறகு பிரதி மத்தியமம், அவ்வளவுதான். பஞ்சமத்துக்குப் போகாமல் அந்தரத்திலேயே விட்டுவிட்டார்கள். 'ஹெவி மெட்டல்' என்ற சங்கீத வகை அங்கிருந்து பிறந்ததாகப் பலர் சொல்கிறார்கள். அதில் சாத்தானைக் கேட்கிறவர்கள் கேட்கட்டும். எனக்கு ஆலையின் இரும்புச் சத்தந்தான் கேட்கிறது.

அதை எனக்குப் போட்டுக் காட்டியவன் அக்காள் மகன். மாடியில் கிதாரை வைத்துக்கொண்டு அந்த மூன்று சுரங்களையே ஒரு மாலை முழுவதும் அடித்துக்கொண்டிருந்தான். கீழே அக்காள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டி மாதிரி அதட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ சற்றுக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "மத்தியமம் சுத்தமாத்தான் பேசுது" என்று சொல்லி, பாதியில் விட்ட பாட்டைத் தொடர்ந்தாள்.

அது வராளி. வானொலியிலும் ஒலிநாடாவிலும் கேட்டுக் கேட்டுத் தானே கற்றுக்கொண்டதை, கேட்கிற பிள்ளைகளுக்கெல்லாம் நேருக்கு நேராகச் சொல்லிக்கொடுக்கிறாள். சில பேர் கல்யாணமாகிப் போனார்கள். சில பேர் வேலைக்குப் போனார்கள். யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. சம்பளம் கொடுக்க முடியாத பிள்ளைகள் மட்டும் சில சமயம் கூச்சப்பட்டுக்கொண்டு வராமல் நின்றுவிடுவார்கள். அப்போது அக்காள் தானே புறப்பட்டுப் போய் அவர்களைக் கூப்பிட்டு வருகிறாள்.