ஆண்ட்ரோஜன் ஏற்பி: திசுக்களிலும் கட்டிகளிலும்

ஆண்ட்ரோஜன் ஏற்பி ஒரு புரதம். டெஸ்டோஸ்டிரோனையோ, அதிலிருந்து உருவாகும் வீரியம் மிகுந்த டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனையோ பற்றிக்கொண்டு செல்லின் உட்கருவுக்குள் செல்லும். அங்கே டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து சில மரபணுக்களை முடுக்கிவிடும், சிலவற்றை அடக்கும். ஏறத்தாழ 920 அமினோ அமிலங்கள் கொண்ட இதன் எடை சுமார் 110 கிலோடால்டன். ஹார்மோன் கிட்டாதபோது வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் பிடியில் சைட்டோபிளாசத்தில் ஒதுங்கிக் கிடக்கும். இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆகவே ஆண்மையின் ஏற்பி என்று பெயர் வாங்கிய இது, ஆண் குழந்தைக்குத் தாய் வழியாக மட்டுமே வந்து சேர்கிறது. பெண்ணின் உடலிலும் மார்பகம், கருப்பை, சூலகம், தோல் எனப் பல இடங்களில் உண்டு.

இந்த ஏற்பி எங்கெங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்கச் சுமார் கால் நூற்றாண்டு ஆயிற்று. இருக்கும் இடத்தில் என்ன செய்கிறது என்ற கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. முதல் கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொண்டதால் மருத்துவம் பலமுறை சறுக்கியிருக்கிறது.

ஏற்பி அறியப்படுவதற்கு முன்

ஹார்மோன் முதலில் வந்தது. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்த்தோல்டு, விரை நீக்கிய சேவல்களின் வயிற்றுக்குள் விரையைத் திரும்ப வைத்தார். கொண்டை வளர்ந்தது, கூவல் திரும்பியது. நரம்புத் தொடர்பு அறுந்த உறுப்பு இரத்தத்தின் வழியாக எதையோ அனுப்புகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. 1931இல் அடால்ஃப் பூட்டெனாண்ட் பல்லாயிரம் லிட்டர் சிறுநீரிலிருந்து 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோனைப் பிரித்தார். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு காளையின் விரையிலிருந்து டெஸ்டோஸ்டிரோனை எடுத்தது. அதே ஆண்டில் அது செயற்கையாகவும் தயாரிக்கப்பட்டது.

1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் இருவரும் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் கொண்டவர்களுக்கு விரைகளை அகற்றினர் அல்லது பெண் ஹார்மோன் கொடுத்தனர். கட்டியின் நடமாட்டத்தைக் காட்டும் ஆசிட் பாஸ்படேஸ் என்ற நொதியின் அளவு இரத்தத்தில் சரிந்தது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஏறியது. புற்று என்றால் உடலின் கட்டுக்கு அடங்காதது என்று நம்பிய காலத்தில், அது இன்னும் ஹார்மோனின் சொல் கேட்கிறது என்று இது காட்டியது. ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பெரும்பாலான நோயாளிகளுக்குக் கட்டி சில காலம் அடங்கிப் பின் மீண்டும் தலைதூக்கியது. ஏன் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. ஹார்மோனைக் கேட்கும் பொருள் எது என்றே அன்று யாருக்கும் தெரியாது.

அப்படியொரு பொருள் இருந்தாக வேண்டும் என்ற துப்பு வேறு திசையிலிருந்து வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லாசன் வில்கின்ஸ், பெண்ணாகவே பிறந்து வளர்ந்து, உடலுக்குள் விரைகள் கொண்டிருந்த ஒருவரைக் கவனித்தார். அக்குளிலும் அந்தரங்கத்திலும் முடி இல்லை. ஆண் ஹார்மோன் கொடுத்துப் பார்த்தும் முடி முளைக்கவில்லை. சுரப்பில் குறை இல்லை, திசுதான் செவிசாய்க்க மறுக்கிறது என்று அவர் முடிவுகட்டினார். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் மாரிஸ் இத்தகைய 82 பேரின் விவரங்களைத் தொகுத்தார். இன்று ஆண்ட்ரோஜன் உணர்வின்மை என அழைக்கப்படும் நிலை இது. ஸ்பானிய தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ 1985இல் கோபே பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் பாலினச் சோதனையில் நிறுத்தப்பட்டதற்குக் காரணமும் இதுவே. அவர் உடலில் டெஸ்டோஸ்டிரோன் இருந்தது, அதைக் கேட்கும் ஏற்பி செயல்படவில்லை. 1988இல் அவருக்குப் போட்டியிடும் உரிமை திரும்பக் கிடைத்தது.

கண்டறிதலும் அளவிடலும்

1968இல் டல்லாஸில் நிக்கோலஸ் புரூக்கோவ்ஸ்கியும் ஜீன் வில்சனும் கதிரியக்கமூட்டிய டெஸ்டோஸ்டிரோனை எலிகளுக்குச் செலுத்தினர். புராஸ்டேட் செல்லின் உட்கருவில் போய்ச் சேர்ந்தது டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன். அதே ஆண்டு சிகாகோவில் ஷூட்சுங் லியாவும் கென்னத் ஆண்டர்சனும் இதையே கண்டனர். அடுத்த ஓராண்டில், அதைப் பிடித்து வைத்திருக்கும் புரதமும் தெரிந்தது. லியாவ் பணியாற்றியது ஹக்கின்ஸ் நிறுவிய பென் மே ஆய்வகத்தில். அங்கேதான் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டறிந்திருந்தார். ஸ்டீராய்டு ஏற்பிகளின் தொடக்க வரலாற்றில் பெரும்பகுதி அந்த ஒரே கூரையின் கீழ் நடந்தது. 1970இல் மேரி லயனும் சூசன் ஹாக்ஸும் உணர்வின்மை கொண்ட எலியின் குறை எக்ஸ் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினர். 1974இல் நோயாளிகளின் தோல் செல்களில் ஹார்மோனைப் பற்றும் புரதம் இல்லாததும் தெரிந்தது.

அந்த எலியை வைத்து ஜெரால்டு குன்ஹா செய்த சோதனைகளை இந்தத் துறையின் மிக அழகிய வேலை என்றே சொல்லலாம். வளரும் கருவில் புராஸ்டேட்டின் உள்வரியாகப் போகும் எபிதீலியத்தையும் அதைச் சூழ்ந்த இடைத்திசுவையும் தனித்தனியே பிரித்து, ஏற்பி உள்ளதையும் இல்லாததையும் மாற்றி மாற்றிச் சேர்த்தார். இடைத்திசுவில் ஏற்பி இருந்தால், எபிதீலியத்தில் இல்லாதபோதும் புராஸ்டேட் உருவாயிற்று. இடைத்திசுவில் இல்லையென்றால் உருவாகவில்லை. வளர்ச்சிக்கான ஆணையை வாங்குவது சுற்றியுள்ள திசு, கீழ்ப்படிவது எபிதீலியம். பின்னாளில் புற்றாக மாறுவதும் அந்த எபிதீலியமே. அப்போது அது அண்டைத் திசுவின் தயவின்றித் தன் சொந்த ஏற்பியைக் கொண்டு வளர்கிறது. ஒரு செல்லில் ஏற்பி இருக்கிறது என்று மட்டும் சொன்னால் எவ்வளவு குறைவாகச் சொல்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மனிதத் திசுவில் ஏற்பியை அளப்பது 1970களில் பெரும்பாடாக இருந்தது. திசுவை அரைத்து, கதிரியக்க ஹார்மோனைச் சேர்த்து, எவ்வளவு ஒட்டுகிறது என்று எண்ணுவதே முறை. புராஸ்டேட்டில் உடலின் சொந்த ஹார்மோன் ஏற்கெனவே இடத்தைப் பிடித்திருக்கும். மின்கம்பியால் சீவி எடுத்த திசுவில் வெப்பம் ஏற்பியைச் சிதைத்திருக்கும். 1975 வாக்கில் பிரான்சின் ரூசல் யூக்ளாஃப் நிறுவனத்தின் ஆர்1881 என்ற செயற்கை ஹார்மோன் கைகொடுத்தது என்றாலும், அது புரோஜெஸ்டிரோன் ஏற்பியிலும் ஒட்டும். அதைத் தடுக்க இன்னொரு மருந்து சேர்க்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரைத்த கூழில் எபிதீலியம் எது, தசை எது, கட்டி எது என்று பிரித்தறிய வழியே இல்லை. இக்காலத்தில் வெளியான எண்களை இன்று ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

1988இல் மரபணு நகலெடுக்கப்பட்டது. சிகாகோவில் லியாவ் குழு, சேப்பல் ஹில்லில் பிராங்க் பிரெஞ்சு, எலிசபெத் வில்சன் ஆகியோரின் குழு, நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் யான் ட்ராப்மன் குழு என ஒரே ஆண்டில் பலர் அதை எட்டினர். புரதத்தின் முன்பகுதியில் குளுட்டமின் தொடர் ஒன்று இருக்கிறது. அதைக் குறிக்கும் சிஏஜி எழுத்துகள் எத்தனை முறை திரும்ப வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இதனால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. எல்என்கேப் என்ற புற்றுச்செல் வரிசையில் உள்ள ஒரே திடீர்மாற்றம் 868, 877, 878 என மூன்று எண்களில் ஆய்வுக் கட்டுரைகளில் நடமாடுகிறது. ஒப்பிட எடுத்துக்கொண்ட மூலத் தொடரின் நீளம் வேறுபட்டதே காரணம்.

அதே சிஏஜி தொடர் 38க்கு மேல் நீண்டால் கென்னடி நோய் வருகிறது என்று 1991இல் ஆல்பர்ட் லா ஸ்பாடாவும் கென்னத் ஃபிஷ்பெக்கும் காட்டினர். நடுவயது ஆண்களில் கைகால் தசையும் விழுங்கும் தசையும் மெல்ல நலியும். மார்பகம் பெருக்கும். தண்டுவடத்தின் இயக்க நரம்புச் செல்களில் இந்த ஏற்பி இருக்கிறது என்பதைப் பலர் மனதில் பதித்தது இந்நோய்தான்.

திசுக்களின் வரைபடம்

மரபணு கிடைத்தபின் புரதத்தின் துண்டுகளை வைத்து எதிர்ப்பொருள்கள் தயாரிக்கப்பட்டன. 1991இல் ரோட்டர்டாம் குழு எஃப்39.4 என்ற எதிர்ப்பொருளைக் கொண்டு மனித உறுப்புகள் பலவற்றின் உறைதிசுச் சீவல்களைச் சாயமேற்றிப் பார்த்தது. உட்கரு நிறமேறிய செல்லைக் கண்ணாலேயே சுட்டிக்காட்ட முடிந்தது. அதே ஆண்டு வந்த மைக்ரோவேவ் சூடாக்கும் முறை, ஃபார்மலினில் ஊறி மெழுகில் புதைந்த பழைய திசுக்கட்டிகளையும் திறந்துவிட்டது. மருத்துவமனை அலமாரிகளில் பல்லாண்டு கிடந்த மாதிரிகள் திடீரென ஆய்வுப் பொருளாயின.

புராஸ்டேட் குழாய்களின் உள்வரிச் செல்களில் நிறம் அழுத்தமாக ஏறும், அடிச்செல்களில் குறைவு, சுற்றியுள்ள மென்தசையில் உண்டு. விந்துப்பை, எபிடிடிமிஸ் ஆகியவற்றிலும் உண்டு. விரையில் செர்டோலி செல்களிலும் லைடிக் செல்களிலும் இருக்கிறது. விந்தணுவாக மாறும் செல்களிலோ பொதுவாகக் காணப்படுவதில்லை. விந்து உற்பத்திக்கு டெஸ்டோஸ்டிரோன் இன்றியமையாதது. ஆனால் அதைக் கேட்பது விந்தணு அன்று, அதை ஊட்டி வளர்க்கும் செர்டோலி செல். தோலில் எண்ணெய்ச் சுரப்பியும் முடிக்கால் அடியிலுள்ள பாப்பில்லாவும் இந்த ஏற்பியைத் தாங்குகின்றன. தாடையில் முடியை வளர்க்கும் அதே ஹார்மோன் உச்சந்தலையில் வழுக்கையைக் கொண்டுவருவது, ஏற்பி இரண்டிடத்திலும் இருந்தும் செயல் எதிரெதிராக அமைவதற்கு நாள்தோறும் கண்ணாடியில் தெரியும் சாட்சி. ஈரல், எலும்பு, தசை, மூளையின் ஹைப்போதலாமஸ், கருப்பை உள்வரியின் ஆதாரத் திசு, சூலக நுண்பைச் செல்கள் ஆகியவையும் பட்டியலில் சேரும்.

கட்டிகளில்

ஹக்கின்ஸ் விட்டுச்சென்ற புதிர், ஹார்மோனை நிறுத்தியும் கட்டி ஏன் திரும்புகிறது என்பது. கட்டி ஏற்பியைக் கைவிட்டு வேறு வழி தேடிக்கொண்டது என்பதே நீண்ட நாள் நம்பிக்கை. அதனால் அதற்கு ஹார்மோன் சாராத நிலை என்றே பெயர் வைத்திருந்தார்கள். சாயமிட்டுப் பார்த்தபோது திரும்பிய கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏற்பி இருந்தது. 1995இல் பின்லாந்தின் தம்பெரேயில் தபியோ விசகோர்பி குழு, திரும்பிய 23 கட்டிகளில் 7இல் ஏற்பியின் மரபணுவே பல நகல்களாகப் பெருகியிருப்பதைக் கண்டது. சிகிச்சைக்கு முன் எடுத்த மாதிரிகளில் அந்தப் பெருக்கம் இல்லை. பட்டினி போட்டதால் கட்டி வாயைப் பெரிதாக்கிக்கொண்டது. எல்என்கேப் செல்லின் திடீர்மாற்றமோ இன்னும் விபரீதமானது, தடைமருந்தான ஃபுளூட்டமைடையே ஊட்டமாக்கிக்கொள்கிறது. 1993இல் ஹோவர்டு ஷெர் குழு, அந்த மருந்தை நிறுத்தியதும் சில நோயாளிகளின் நோய் தணிவதைப் பதிவுசெய்தது.

2004இல் சார்லஸ் சாயர்ஸ் குழு, எலிகளில் வளர்த்த 7 இணைக் கட்டிகளை ஒப்பிட்டு, எதிர்ப்புப் பெற்றவை அனைத்திலும் பொதுவாக மாறியது ஏற்பியின் அளவு மட்டுமே என்று காட்டியது. பழைய நம்பிக்கை அதோடு சரிந்தது. ஏற்பியின் வழியையே மீண்டும் குறிவைத்த மருந்துகளான அபிரட்டெரோன் 2011இலும் என்சாலுட்டமைடு 2012இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவற்றுக்கும் கட்டி பதில் வைத்திருந்தது. ஹார்மோன் அமரும் பகுதியே இல்லாத ஏற்பியின் குறுகிய வடிவம், ஏஆர்-வி7, ஹார்மோன் இல்லாமலே இயங்கும். 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இம்மருந்துகளில் ஒன்றைப் பெற்ற 62 பேரில் 18 பேரின் இரத்தத்தில் உலவும் புற்றுச்செல்களில் இது தென்பட்டது. அந்த 18 பேரில் ஒருவருக்கும், நோயின் போக்கைக் காட்டும் பிஎஸ்ஏ என்ற இரத்தப் புரதம் போதிய அளவு இறங்கவில்லை. நோயியலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் எதிர்ப்பொருள் ஏற்பியின் முன்பகுதியை அடையாளம் காண்பது. முழு வடிவமும் குறுகிய வடிவமும் அதற்கு ஒன்றே.

மார்பகப் புற்றில் நிலைமை வேறு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஆண்ட்ரோஜன் ஏற்பியும் இருக்கிறது. அங்கே அது பெரும்பாலும் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று 2021இல் தெரசா ஹிக்கி, வெய்ன் டில்லி முதலியோரின் ஆய்வு வலுவாகச் சொன்னது. 1940களில் மருத்துவர்கள் மார்பகப் புற்றுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பயன் கண்டதற்கு இது பிந்திவந்த விளக்கம். முகத்தில் முடியும் தடித்த குரலும் அந்தச் சிகிச்சையின் விலை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் தமோக்சிஃபென் வந்ததும் அது ஒதுங்கிற்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத அபோகிரைன் வகைக் கட்டிகளில் கதை தலைகீழ். அங்கே ஆண்ட்ரோஜன் ஏற்பி வளர்ச்சியைத் தூண்டுவதாகத் தெரிகிறது. இத்தகைய நோயாளிகளுக்கு ஆண்ட்ரோஜன் தடைமருந்தான பைகலுட்டமைடு கொடுத்து 2013இல் வெளியான சோதனையில் 19 விழுக்காட்டினருக்கு நோய் ஆறு மாதம் கட்டுக்குள் நின்றது. கட்டி கணிசமாகச் சுருங்கியவர் எவரும் இல்லை.

உமிழ்நீர்க் குழாய்ப் புற்று அரிதானது, கொடியது. பெரும்பாலான கட்டிகளில் இந்த ஏற்பி ஆணிலும் பெண்ணிலும் அழுத்தமாகத் தென்படுவதால், நோயை உறுதிசெய்யவே சாயம் பயன்படுகிறது. ஜப்பானில் 36 நோயாளிகளுக்கு ஹார்மோன் தடை கொடுத்தபோது ஏறத்தாழ 42 விழுக்காட்டினரின் கட்டி சுருங்கியது. ஈரல் புற்றிலும் ஏற்பி உண்டு, அங்கே தடைமருந்துகள் சோதனைகளில் பயன் தரவில்லை. சிறுநீர்ப்பைப் புற்று ஆண்களுக்கு அதிகம் வருவதற்கு இந்த ஏற்பிக்கும் பங்குண்டு என்று எலிச் சோதனைகள் சொல்கின்றன. ஆனாலும் கட்டி முற்ற முற்ற ஏற்பி பெரும்பாலும் குறைந்துகொண்டே போகிறது.

எத்தனை விழுக்காடு செல்கள் நிறமேறினால் ஏற்பி உண்டு என்று எழுதலாம் என்பதிலும் ஒருமித்த எல்லை இல்லை. சிலர் 1 விழுக்காடு என்கின்றனர், சிலர் 10. ஒரே மார்பகக் கட்டி ஓர் ஆய்வில் உண்டு என்றும் இன்னோர் ஆய்வில் இல்லை என்றும் பதிவாகலாம். எலும்புக்குள் பரவிய கட்டியைச் சீவி எடுப்பது கடினம் என்பதால், 2004 முதல் கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனைச் செலுத்தி உடல் முழுவதையும் பெட் கருவியில் படமெடுக்கும் முறை சோதிக்கப்படுகிறது. ஹார்மோனோ தடைமருந்தோ ஏற்கெனவே ஏற்பியில் அமர்ந்திருந்தால் இந்தப் படத்தில் கட்டி மங்கிப்போகும். குறுகிய வடிவம் மட்டும் இயங்கும் கட்டி தெரியவே தெரியாது.