எந்த ஊருன்னு கேட்டா, எந்த மாசத்துலன்னு கேக்குறார்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

போன எபிசோட்ல புன்னக்காயலுக்குப் போயிருந்தோம், ஞாபகம் இருக்கா? தாமிரபரணி கடல்ல கலக்குற இடம். 16ஆம் நூற்றாண்டுல அண்டிரிக் அடிகளார்னு நம்ம ஆளுங்க கூப்பிடுற என்றிக்கே என்றிக்கஸ் தங்கி வேலை பார்த்த ஊர். அவர் எழுதின 'தம்பிரான் வணக்கம்' 1578ல கொல்லத்துல அச்சானதைப் பத்தி நிறையப் பேசினோம். ஆனா எனக்கு அவர்கிட்ட பிடிச்ச விஷயம் அது இல்ல. ஒரு போர்ச்சுக்கீசியர், கடற்கரை மக்கள் பேசுறதைக் காதுல வாங்கி, அதுக்கு ஒரு இலக்கணமே எழுதி வச்சார். கேட்டார், எழுதினார். ஆய்வுன்னா அடிப்படையில அவ்வளவுதான்.

இன்னிக்குப் பேசப் போறதும் கேட்டு எழுதினவங்களைப் பத்திதான். ஆனா கடலை விட்டுட்டு வயக்காட்டுக்கு வரப் போறோம். விஷயம் ஆடு, மாடு, மேய்ச்சல். அதைக் கணக்கெடுக்கப் போன மாணவர்கள். நடுவுல நான் செஞ்ச ஒரு தப்பும் வரும்.

ஆத்தூர் பக்கத்துல ஒரு கிடை

புன்னக்காயல்ல ரெக்கார்டிங் முடிச்சுட்டு பைக்ல திரும்பி வர்றேன். மார்ச் மாசம், சாயங்காலம். ஆத்தூர் தாண்டினதும் ரோட்டோரம் பிசான அறுப்பு முடிஞ்ச வயல். அதுல முந்நூறு ஆடு இருக்கும். ஓரத்துல மூங்கில் கொடாப்பைக் கவுத்து வச்சு, உள்ள குட்டிகளை அடைச்சிருந்தாங்க. ஒரு பெரியவர் வலையைச் சுத்திக் கட்டிக்கிட்டு இருந்தார்.

வண்டியை நிறுத்திட்டு, "எந்த ஊரு அண்ணாச்சி?"ன்னு கேட்டேன்.

அவர் வலையில இருந்து கையை எடுக்காமலே, "எந்த மாசத்துல கேக்குறீங்க தம்பி?"ன்னார்.

ஜோக் அடிக்கிறார்னு நினைச்சுச் சிரிச்சேன். அவர் சிரிக்கல. மழைக் காலத்துல ராமநாதபுரம் பக்கம் சொந்த ஊர். தை கழிஞ்சா அறுப்பைப் பார்த்துத் தெற்க வருவாங்க. தாமிரபரணிப் பாசனத்துல ஒவ்வொரு வயலா கிடை போடுவாங்க. கார் நடவு தொடங்குறதுக்குள்ள கிளம்பிடணும். இவரை மாதிரி கிடைக்குத் தலைவரா இருக்கிறவரைத்தான் கீதாரின்னு சொல்லுவாங்க. மந்தை முழுக்க அவரோடதா இருக்கணும்னு இல்ல. பல குடும்பத்து ஆடுகளைச் சேர்த்து ஓட்டிக்கிட்டு வர்றதும் உண்டு.

கிடைன்னா என்னன்னு தெரியாத சிட்டி நண்பர்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். பகல்ல ஆடு மேயும். ராத்திரி ஒரு வயல்ல வலை கட்டி அடைப்பாங்க. புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுலயே விழும். மறுநாள் வலை பக்கத்து வயலுக்கு நகரும். உரத்தைச் சுமந்துட்டுப் போக வண்டி வேண்டாம், கூலி வேண்டாம், ஆடே நடந்து வந்து போட்டுட்டுப் போகும். வயக்காரர் ராத்திரிக்கு இவ்வளவுன்னு பணமோ நெல்லோ கொடுப்பார். 'ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறு வருடம்'னு ஒரு பழமொழி உண்டு. ஆட்டு எரு சீக்கிரம் மண்ணுல சேரும், பலன் அந்தப் போகத்துலயே தெரியும்.

ஆட்டுக்குத் தீனி, வயலுக்கு உரம், கீதாரிக்குக் கூலி. இன்னிக்கு 'நீடித்த மேய்ச்சல்'னு ஆராய்ச்சிப் படிப்புகள்ல சொல்லித் தர்ற விஷயத்தை அந்த மனுஷர் வலை கட்டிக்கிட்டே செஞ்சுட்டு இருந்தார்.

நான் டெலிட் பண்ணின மந்தை

அவர் கேட்ட கேள்வி என்னை ஏன் உறுத்துச்சுன்னு சொல்றேன்.

இன்ஜினியரிங் முடிச்ச புதுசுல ஒரு சின்ன கம்பெனில வேலை பார்த்தேன். கால்நடைக் கணக்கெடுக்க ஒரு ஆப் பண்ணினோம். ஃபார்ம்ல 'கிராமம்'னு ஒரு கட்டம். அதை நிரப்பலன்னா அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அதை அப்படி வச்சது நான்தான். களத்துல இருந்து ஒரு காலேஜ் பையன் போன் பண்ணினான். "அண்ணா, இவங்க நாளைக்கு வேற ஊருக்குப் போயிடுவாங்களாம். எந்த கிராமம்னு போட?" நான் ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்காம, "நீ இப்ப நிக்கிற ஊரைப் போடுடா"ன்னேன்.

அடுத்த மாசம் அதே மந்தை, அதே போன் நம்பர், இன்னொரு கிராமத்துல பதிவாயிருந்துச்சு. டூப்ளிகேட்னு நினைச்சேன். எது சரின்னு தெரியல. ரெண்டையும் தூக்கிட்டேன். ரிப்போர்ட் அழகா, சுத்தமா வந்துச்சு. 140 ஆடு கணக்குல இருந்து காணாமப் போச்சு.

'140 ஆடுதானே'ன்னு தோணலாம். ஆனா யோசிங்க. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி முகாம் ஊர் ஊராத்தான் நடக்கும். முகாம் வர்ற நாள்ல மந்தை நூறு கிலோமீட்டர் தள்ளி நிக்கும். கணக்குல ஊரும் இல்ல, ஆடும் இல்லன்னா, அந்த ஆட்டுக்கு மருந்து யார் ஒதுக்குவாங்க?

1916: லீவுக்கு ஊருக்குப் போன மாணவர்கள்

இப்போ நூறு வருஷம் பின்னாடி போவோம். 1915 கடைசியில கில்பர்ட் ஸ்லேட்டர்னு ஒரு ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வர்றார். அங்க இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியர். வந்து பார்த்தா, தென்னிந்தியக் கிராமத்தைப் பத்திப் பாடம் நடத்த கையில சரியான தகவலே இல்ல. அவர் செஞ்ச வேலை எளிமையானது. மாணவர்கள் கையில ஒரு நீளமான கேள்விப் பட்டியலைக் கொடுத்து, லீவுக்கு ஊருக்குப் போறப்ப இதைக் கேட்டு எழுதிட்டு வாங்கன்னு அனுப்பினார். நிலம், பயிர், கால்நடை, கூலி, கடன்னு எல்லாம் அதுல இருந்துச்சு.

அந்த அறிக்கைகள் 1918ல 'சில தென்னிந்தியக் கிராமங்கள்'ங்கிற பேர்ல ஆங்கிலப் புத்தகமா வந்துச்சு. வடமலைபுரம், இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, தூசின்னு பல ஊர் இருக்கு. நம்ம பக்கத்துல இருந்து ஒண்ணு, கங்கைகொண்டான். திருநெல்வேலிக்கு வடக்க, தாமிரபரணியோட கிளையான சிற்றாறு ஓடுற ஊர். நம்ம லிசனர்ஸ்ல சில பேருக்கு அது சிப்காட், ஐடி பூங்கா இருக்கிற ஊராத்தான் தெரியும்.

அகில இந்திய அளவுல முதல் கால்நடைக் கணக்கெடுப்பு நடந்தது 1919-20ல. அதுக்கு முன்னாடியே இந்தப் பசங்க நோட்டோட ஊருக்குள்ள போயிட்டாங்க. இதுல முக்கியம் என்னன்னா, அவங்க போனது வேற ஊருக்கு இல்ல, தெரிஞ்ச ஊருக்கு. மந்தைவெளி எது, மேய்ச்சல் புறம்போக்கு எதுன்னு சின்ன வயசுல இருந்தே பார்த்தவங்க.

ஸ்லேட்டர் சென்னைக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன எழுதினார்னு தேடிப் பார்த்தேன். 1907ல அவர் போட்ட புத்தகம், இங்கிலாந்துல பொது நிலங்களுக்கு வேலி போட்ட கதை. 1604ல இருந்து 1914க்குள்ள பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஐயாயிரத்துக்கும் மேல சட்டம் போட்டு, சுமார் 68 லட்சம் ஏக்கர் பொது நிலத்தைத் தனியார் கையில கொடுத்துச்சு. ஊர் மாடு மேய்ஞ்ச இடம் ஒருத்தர் பேர்ல போச்சு. சின்ன விவசாயி மாட்டை வித்துட்டுக் கூலிக்குப் போனார். அந்தக் கதையைத் தோண்டி எடுத்த ஆள்தான், இங்க வந்து மாணவர்களை 'ஊர்ல போய்க் கேளுங்க'ன்னு அனுப்பினார்.

இந்த வேலை அதோட நிக்கல. 1930கள்ல பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆய்வு செய்ய வச்சு, 1940ல புத்தகம் போட்டாங்க. ஒரே ஊர், ஒரே மாதிரி கேள்வி, இருபது வருஷ இடைவெளி. எது தேய்ஞ்சுச்சு, எது வளர்ந்துச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கலாம். பழைய டேட்டாவை அழிக்காம வச்சிருந்தா என்ன கிடைக்கும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. டெலிட் பட்டனை அமுக்கினவன் சொல்றேன், நம்புங்க.

ஆனா ஒரு ஓட்டை இருந்துச்சு. கேள்விப் பட்டியல் ஒரு ஊருக்கானது. ஊருக்குள்ள இருக்கிற மாட்டைக் கேட்கும். மாசி, பங்குனியில வந்து தங்கிட்டுப் போற மந்தை எந்த ஊர்க் கணக்குல வரும்? என் ஆப்ல இருந்த அதே ஓட்டை.

பொது மேய்ச்சல்னா அழிஞ்சே தீருமா?

1968ல காரட் ஹார்டின்னு ஒரு அமெரிக்க உயிரியலாளர் 'பொதுவுடைமையின் அவலம்'னு ஒரு கட்டுரை எழுதினார். எல்லாருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலம்னா, ஆளாளுக்கு ஒரு மாடு கூட விடுவாங்க, கடைசியில புல்லே இருக்காது. ஒண்ணு அரசு எடுத்துக்கணும், இல்ல தனியாருக்குக் கொடுக்கணும். இந்த வாதம் உலகம் முழுக்கப் பாடமாச்சு.

எலினோர் ஆஸ்ட்ரம் 1990ல ஒரு புத்தகம் போட்டு, 'அப்படிக் கட்டாயம் இல்ல, ஊர்க்காரங்க விதி போட்டுக் காப்பாத்தின இடம் நிறைய இருக்கு'ன்னு காட்டினார். ஸ்விட்சர்லாந்துல டோர்பெல்னு ஒரு மலை கிராமம். குளிர்காலத்துல எத்தனை மாட்டுக்கு உன்னால தீனி போட முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில பொது மேய்ச்சலுக்கு விடலாம்னு அங்க 1517லயே விதி. ஆஸ்ட்ரமுக்கு 2009ல நோபல் கிடைச்சுது. பொருளாதாரத்துல அந்தப் பரிசு வாங்கின முதல் பெண்.

நம்ம ஊர்லயும் இதுக்குப் பஞ்சாயத்து உண்டு. இடைசெவல் கி. ராஜநாராயணனோட 'கிடை' குறுநாவலை எடுத்துக்கோங்க. கதையே ஆடு பருத்திக் காட்டுல இறங்கி மேய்ஞ்சதுல இருந்துதான் தொடங்குது. ஊர் கூடி விசாரிக்குது. விதி இருக்கு. அந்த விதி யார் மேல பாயும், யாரை விட்டுடும்ங்கிறதுதான் அங்க பிரச்சனை. அதனால 'பழைய காலத்துல எல்லாம் நல்லா இருந்துச்சு'ன்னு சொல்ல வரல.

மேய்ச்சல் எப்பவும் நல்லதுன்னும் சொல்ல வரல. எம். டி. மதுசூதன்னு ஒரு ஆய்வாளர் கர்நாடகத்துல பந்திப்பூர் காட்டோரம் வேலை பார்த்து, 2005ல ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரேசில்ல பனி விழுந்து காப்பி விளைச்சல் போச்சு. உலக விலை ஏறிடுச்சு. நம்ம பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்கு உரம் வாங்கக் காசு வந்துச்சு. சாணத்துக்குக் கிராக்கி. காட்டோரக் கிராமத்துல சாணத்தை விக்கிறதுக்காகவே மாடு பெருகுச்சு. அதெல்லாம் மேய்ஞ்சது காட்டுல. சொந்த வயலுக்குப் போன சாணம் லாரி ஏறிப் போச்சு. பிரேசில் பனிக்கும் பந்திப்பூர் புல்லுக்கும் இருக்கிற தொடர்பு, மாட்டை மட்டும் எண்ணினா தெரியாது. சாணம் எங்க போகுதுன்னு கேட்டாத்தான் தெரியும்.

2022 மார்ச்ல சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் முழுக்க மேய்ச்சலுக்குத் தடை போட்டுச்சு. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம்னு சுருக்கினாங்க. நம்ம தாமிரபரணி பிறக்கிற மலை களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துல இருக்கு. புலிக்கும் இடம் வேணும், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. வேடிக்கை என்னன்னா, அதே 2022 மார்ச்லதான் ஐ.நா. பொதுச்சபை 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரங்களுக்குமான சர்வதேச ஆண்டுன்னு அறிவிச்சுது.

கரும்போரை, செம்போரை

இப்போ நிகழ்காலம். திருநெல்வேலி ராமையன்பட்டியில 2012ல இருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி ஒண்ணு இயங்குது. நம்ம தென் மாவட்டங்களுக்குன்னே சொந்தமா ஆட்டு இனங்கள் இருக்கு. செம்மறியில வேம்பூர், கீழக்கரைசல். வெள்ளாட்டுல கன்னி ஆடு, கொடி ஆடு. ஒரு இனம் தேசிய அளவுல பதிவாகணும்னா, யாராவது கிராமம் கிராமமாப் போய் உயரம், நீளம், எடை, நிறம், எந்தப் பகுதியில எத்தனை இருக்குன்னு எழுதணும். டேப்பைப் பிடிச்சுக்கிட்டு ஆட்டுக்குப் பின்னாடி ஓடுற வேலை அது.

அந்த ஆய்வுகள்ல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. கொடி ஆட்டுல வெள்ளை உடம்புல கருப்புத் தெறிச்ச மாதிரி இருந்தா கரும்போரை, சிவப்பா இருந்தா செம்போரை. கன்னி ஆட்டுல முகத்துல வெள்ளைக் கோடு இருந்தா பால்கன்னி, செந்நிறக் கோடுன்னா செங்கன்னி. இதெல்லாம் ஆடு மேய்க்கிறவங்க வச்ச பேர். ஆங்கில ஆய்வுக் கட்டுரையிலயும் அதே பேர்தான். யாரோ காது கொடுத்துக் கேட்டு, மாத்தாம எழுதியிருக்காங்க. புன்னக்காயல்ல அண்டிரிக் அடிகளார் செஞ்ச அதே வேலை.

கடைசியா ஒரு செய்தி. 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு 2024 அக்டோபர்ல தொடங்குச்சு. மொபைல் ஆப் வச்சுத்தான் எடுத்தாங்க. இதுலதான் முதல் தடவையா, இடம் பெயர்ந்து மேய்க்கிறவங்களையும் அவங்க கால்நடைகளையும் பத்தித் தனியா தகவல் சேர்த்தாங்க. 1919ல தொடங்கின கணக்கு. 'நீங்க ஒரே இடத்துல இருக்கிறவரா?'ன்னு கேட்க நூறு வருஷத்துக்கு மேல ஆயிருக்கு. அந்த ஆப்ல அந்தக் கட்டத்தை வடிவமைச்சவர் யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன்.

அன்னிக்கு ஆத்தூர்ல கிளம்புறப்ப அந்தப் பெரியவர்கிட்ட, ஒரு காலத்துல உங்களை மாதிரி ஒருத்தரோட மந்தையை கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "அழிச்சா என்ன தம்பி, ஆடு இருக்குல்ல"ன்னார். அப்புறம் அவரே, "ஆனா ஊசி போட வரலியே"ன்னார்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுல தாத்தாவோ ஆச்சியோ இருந்தா கேளுங்க: நம்ம வயல்ல கிடை போட்டாங்களா, எந்த மாசம் வந்தாங்க, ராத்திரிக்கு என்ன கொடுத்தீங்க? வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்த்துப் பேசுவோம். ஊர்ப் பேரோட, மாசத்தையும் மறக்காம சொல்லுங்க.