பெயர் சொல்லாத நோய்

எங்கள் தென்காசி வீட்டின் புறவாசலில் ஒரு சிற்றறை உண்டு. ஆச்சியின் தங்கையைச் சயரோகம் பிடித்தபோது அங்கேதான் வைத்திருந்தார்களாம். தனித் தட்டு, தனித் தம்ளர். குற்றாலக் காற்றுப் பட்டால் தேறிவிடுவாள் என்று ஒரு சாரல் காலம் முழுக்க அங்கே வாடகை வீட்டில் இருத்தியும் இருமல் நிற்கவில்லை. 1951இல் இறந்தபோது சின்னாச்சிக்கு வயது இருபத்திரண்டு. அதன்பின் வீட்டில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் மற்றப் பெண்களுக்கு வரன் வராது.

அவருக்கான மருந்து அப்போதே உலகில் இருந்தது. ஐசோனியாசிட் என்னும் செயற்கைச் சேர்மத்தை 1912இலேயே பிராக் நகரில் உருவாக்கிவிட்டார்கள். அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று உலகறிந்தது 1952இல். ஸ்ட்ரெப்டோமைசின்போல ஊசியாகப் போட வேண்டியதில்லை, மலிவான மாத்திரை.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து, ஐசோனியாசிட்டும் பாஸ் என்னும் இன்னொரு செயற்கை மருந்தும் கொடுத்தார்கள். ஓராண்டில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியது. வீட்டிலிருந்தவர்களுக்குச் சத்துணவும் ஓய்வும் குறைவு. இருந்தும் பெரிய வேறுபாடில்லை. கூட இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவுமில்லை என்று பின்னர் தெரிந்தது. புறவாசல் அறைக்கு இருந்த நியாயம் அன்றோடு போயிற்று.

உலகம் இதில் மருந்தின் வலிமையைப் படித்தது. நான் வீடு என்ற சொல்லில் நின்றுவிடுகிறேன். வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் யார்? நோயாளி அவளே என்றால், மாத்திரையை விழுங்கிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தவளும் அவள்தானே?

காலப்போக்கில் கிருமி பழைய மருந்துகளுக்குப் பழகிக்கொண்டது. 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெடாகுயிலின், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் வந்த முதல் புதுவகைக் காசநோய் மருந்து. அதுவும் ஆய்வகத்தில் உருவான சேர்மமே. ஆனால் காப்புரிமை விலையை உயரத்தில் வைத்தது. அந்த உரிமையை நீட்டிக்க நிறுவனம் முயன்றபோது, 2019இல் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்மனு கொடுத்தவர்கள் இரண்டு பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. காசநோய்க்குப் போட்ட பழைய ஊசிமருந்தால் செவித்திறனை இழந்தவர்கள் இருவரும். 2023 மார்ச்சில் நீட்டிப்பு மறுக்கப்பட்டது.

தன் நோயைச் சொல்லி, தன் பெயரைப் போட்டு அவர்கள் கொடுத்த மனு அது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, தொண்ணூறைத் தாண்டிய ஆச்சியிடம் சின்னாச்சியின் பெயரைக் கேட்டேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.