யாழ்ப்பாணக் கோட்டையும் அதன் வரலாற்றுப் பயனும்

ஒரு கோட்டையின் பெருமையை அது கண்ட போர்களைக்கொண்டு அளப்பது வழக்கம். பண்ணைக் கடலோரத்தே நிற்கும் யாழ்ப்பாணக் கோட்டைக்கு அவ்வளவை முற்றும் பொருந்தாது.

1619 இல் சங்கிலி குமாரனை வென்று யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயத் தளபதி பிலிப் த ஒலிவேறா, 1621 இல் நல்லூரை நீங்கி யாழ்ப்பாணப் பட்டினத்தை ஆட்சிக்கு உறைவிடமாக்கினான். காரணம் வெளிப்படை. கோவாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் அவனுக்கு வரவேண்டிய துணை கடல்வழியே வரவேண்டியிருந்தது. நல்லூரில் இடிக்கப்பட்ட கந்தசுவாமி கோயிலின் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன என்பது வழிவழி வந்த செய்தி. கோட்டையினுள்ளே சோழர் காலத் தமிழ்ச் சாசனமொன்று கண்டெடுக்கப்பட்டமையும் ஈண்டுக் கருதத்தக்கது. அன்று இடம்பெயர்ந்த அரசிருக்கை மீண்டும் நல்லூருக்குத் திரும்பவில்லை. இன்றைய நகரம் கோட்டையை அடுத்தே வளர்ந்தது.

1658 இல், மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட முற்றுகையின் பின்னர், ஒல்லாந்தர் கோட்டையைக் கைக்கொண்டனர். பழைய சதுரக் கோட்டையை நீக்கி ஐங்கோணக் கோட்டையை எழுப்பினர். கோணந்தோறும் முன்னோக்கி நீண்ட கொத்தளங்களிலிருந்து அடுத்துள்ள மதிலின் அடிவரை சுடலாம். பகைவர் ஒதுங்கி நிற்க மறைவிடம் இராது. உட்கோட்டை 1680 இலும் வெளியரண்கள் 1792 இலும் நிறைவெய்தின. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1795 இல், அது போரின்றி ஆங்கிலேயர் வசமாயிற்று.

எனின், இவ்வளவு உழைப்பின் பயன் யாது? ஆட்சியே அப்பயன். ஒல்லாந்தர் குடாநாட்டை ஆள்வதற்கு இக்கோட்டை நிலைக்களமாயிற்று. நிலமும் குடியும் இறையும் பதியப்பெற்ற தோம்புகள் அவ்வாட்சிக்குக் கருவியாயின. 1707 இல் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அத்தொகுப்பை ஆராய்ந்து உடன்பட்டனர். தேசவழமை என்னும் அத்தொகுப்புக்கு ஆங்கிலேயர் 1806 இல் சட்டவலிமை அளித்தனர். வாய்வழி நின்ற வழக்கம் எழுத்தில் அமைந்தபோது உறுதிபெற்றது. அவ்வுறுதி அயலார் ஆட்சியின் வசதிக்காகவும் வந்தது என்பதை மறத்தலாகாது.

தேசவழமைக்கு ஓராண்டு முன்னர், 1706 இல், கோட்டையினுள் எழுந்த சிலுவை வடிவத் தேவாலயம் உள்நாட்டுப் போரில் அழிந்தது. 1990 இல் நிகழ்ந்த முற்றுகை மதில்களையும் சிதைத்தது. போர் 2009 இல் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியோடு புனரமைப்புப் பணிகள் நிகழ்ந்தன. தேவாலயம் இன்று இடிபாடாகக் கிடக்க, தேசவழமையோ காணியிலும் சீதனத்திலும் முதுசத்திலும் வடமாகாணத் தமிழரை இன்றும் ஆள்கின்றது.

கோட்டை இன்று தொல்பொருட் சின்னமாகப் பாதுகாக்கப்பெறுகின்றது. மதிலைப் பேணுவதோடு, அம்மதிலின் காவலில் நடந்த ஆட்சி எழுதிவைத்த ஏடுகளையும் கற்பதே அப்பாதுகாப்பை நிறைவு செய்யும்.